பத்து வினாடி மௌனம்

எங்கள் ஸ்டூடியோவின் மூலையில் சிறு பெட்டி ஒன்று இருக்கிறது. பார்த்தால் பழைய ரிசீவர் மாதிரி இருக்கும். ஒலிபரப்பில் தொடர்ந்து பத்து வினாடி சத்தமே இல்லையென்றால் அது விழித்துக்கொள்ளும். சிவப்பு விளக்கு மின்னும், பொறியாளரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி பறக்கும். அப்போதும் நாங்கள் அசையாவிட்டால், தன்பாட்டுக்கு ஒரு பழைய பாடலை எடுத்து ஓட்டத் தொடங்கிவிடும். வானொலியில் பாட்டு மாறிப் போனால் மன்னிப்பு உண்டு. ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொன்னாலும் உண்டு. ஒன்றுமே கேட்காமல் போனால் மறுநாள் விளக்கக் கடிதம் எழுத வேண்டும்.

அந்தப் பெட்டி நினைவுக்கு வந்தது ஒரு காலை நேரத்தில். பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது கிள்ளானில் இருக்கும் அம்மாவிடமிருந்து அழைப்பு. நான் பணியில் இருக்கும் நேரத்தில் அவர் அழைக்கவே மாட்டார். சித்தி வீட்டுக்குப் போகிற வழியில் ரயில் நடுவில் நின்றுவிட்டதாம். இருபது நிமிடம் ஆகிறது. கதவு திறக்கவில்லை, அறிவிப்பும் இல்லை.

“ஏம்மா, நீதான ரேடியோல ரோட்டு நிலவரம் எல்லாம் சொல்ற. எனக்கு என்னாச்சுன்னு சொல்லு.”

எனக்கும் தெரியவில்லை. எந்த ரயில், எந்த வழித்தடம் என்று இங்கே எழுதப் போவதில்லை. அரை மணி நேரத்தில் அது நகர்ந்துவிட்டது, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அம்மாவின் குரலில் இருந்த நடுக்கம் ரயில் நின்றதால் வந்தது இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்த பையன், முன்னால் குண்டு வைத்திருக்கிறார்களோ என்று நண்பனிடம் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. இருபது நிமிட மௌனத்தில் ஒரு சின்னப் பழுது வெடிகுண்டாக வளர்ந்துவிட்டது.

போக்குவரத்துப் பாதுகாப்பு என்றதும் நமக்குக் கண்காணிப்புக் கேமரா, பை சோதனை, துப்பாக்கி ஏந்திய காவலர் என்றெல்லாம்தான் மனதில் வரும். அவை வேண்டும். ஆனால் ஒரு அமைப்பு அடி வாங்கிய பிறகு எப்படி எழுந்து நிற்கிறது என்பதும் பாதுகாப்புதான். அதற்கான தேர்வை நம் நாடு சில முறை எழுதியிருக்கிறது.

2025 மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை. நோன்புப் பெருநாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் கணினிகள் மீது இணையத் தாக்குதல். விமான விவரத் திரைகள் பத்து மணி நேரத்துக்கும் மேலாக இயங்கவில்லை என்று செய்திகள் வந்தன. ஊழியர்கள் வெள்ளைப் பலகையைக் கொண்டுவந்து வைத்து, மார்க்கர் பேனாவால் விமான எண்ணையும் நுழைவாயில் எண்ணையும் எழுதினார்கள். அந்தப் படம் நாடு முழுக்கச் சுற்றியது. இரண்டு நாள் கழித்து, மார்ச் 25-ஆம் தேதி போலீஸ் தின விழாவில் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் விஷயத்தைச் சொன்னார்: தாக்கியவர்கள் ஒரு கோடி அமெரிக்க டாலர் பிணைத்தொகை கேட்டார்கள், ஐந்து வினாடிகூட யோசிக்காமல் மறுத்துவிட்டேன் என்றார். விமானச் சேவைகள் பாதிக்கப்படவில்லை என்றது விமான நிலைய நிறுவனம்.

வெள்ளைப் பலகையைப் பார்த்து அன்று பலரும் சிரித்தார்கள். எங்கள் நிலையத்திலும் சிரித்தோம், நான்கூட ஒரு ஜோக் அடித்தேன். இப்போது யோசித்தால், அன்று அந்த விமான நிலையத்தில் நடந்த மிகச் சரியான காரியம் அந்தப் பலகைதான் என்று தோன்றுகிறது. அதை யாரும் ஹேக் செய்ய முடியாது. மின்சாரம் வேண்டாம். எழுதத் தெரிந்த ஒருவரும், அவருக்குச் சரியான தகவலைக் கொடுக்க இன்னொருவரும் போதும்.

அந்தப் பலகைக்கு அது முதல் அரங்கேற்றமும் இல்லை. 2019 ஆகஸ்ட் 21-ஆம் தேதி தொடங்கி சில நாள்கள் அதே விமான நிலையத்தின் கணினி வலைப்பின்னல் பழுதானபோதும் வெள்ளைப் பலகைதான் கைகொடுத்தது. 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் கோளாறான மென்பொருள் புதுப்பிப்பு ஒன்று உலகமெங்கும் 85 லட்சம் கணினிகளை முடக்கியது. இங்கே ஏர் ஏசியா பயணிகள் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். இந்தியாவில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். ஒன்று தாக்குதல், ஒன்று பழைய சாதனங்களின் பழுது, ஒன்று யாரோ செய்த தவறு. பெட்டியைத் தள்ளிக்கொண்டு நிற்கும் பயணிக்கு மூன்றும் ஒன்றுதான்: திரை கறுப்பாக இருக்கிறது, எந்தப் பக்கம் போவது?

காரணத்தை உடனே சொல்ல முடியாத நேரங்கள் உண்டு. விசாரணை நடக்கும், மிரட்டியவன் கேட்டுக்கொண்டிருப்பான். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் விமானம் எந்த வாயில், ரயில் எவ்வளவு நேரம் நிற்கும், இறங்கி நடக்க வேண்டுமா, உட்கார்ந்தே இருக்கலாமா என்பதில் என்ன ரகசியம் இருக்கிறது?

மாற்று ஏற்பாடு இருந்தால் மட்டும் போதாது, அதை ஓட்டிப் பார்த்துப் பழகியிருக்கவும் வேண்டும். இதை நமக்குக் கொடூரமாகச் சொன்னது 2021 மே 24. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த திங்கட்கிழமை இரவு. கே.எல்.சி.சி.க்கும் கம்போங் பாருவுக்கும் இடையிலான சுரங்கத்தில், கிளானா ஜெயா தடத்தின் இரண்டு எல்.ஆர்.டி. ரயில்கள் நேருக்கு நேர் மோதின. ஒன்றில் 213 பயணிகள். 47 பேருக்குக் கடுமையான காயம், 166 பேருக்கு லேசான காயம். 1998-இல் ஓடத் தொடங்கிய தடம் அது. 23 ஆண்டுகளில் அப்படி ஒரு விபத்து நடந்ததில்லை.

அந்தத் தடம் ஓட்டுநர் இல்லாமல் கணினியால் ஓடுவது. மோதிய இன்னொரு ரயில் காலி. அதன் கணினி பழுதானதால் ஓர் ஊழியர் ஏறிக் கையால் ஓட்டினார், அது போகக்கூடாத திசையில் போனது. விசாரணையில் மனிதத் தவறு என்றார்கள். எனக்கு அங்கே வேறொன்று உறுத்துகிறது. ஆண்டு முழுக்க ஓடும் தானியங்கி முறையில் விபத்து நடக்கவில்லை. எப்போதாவது கைக்கு வரும் மாற்று முறையில்தான் நடந்தது. எங்கள் ஸ்டூடியோவில் வருடத்துக்கு ஒரு முறை கணினியை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, பழைய சிடி பிளேயரை வைத்து ஒரு மணி நேரம் நிகழ்ச்சி நடத்தச் சொல்வார்கள். முதல் தடவை எனக்கு எந்தப் பொத்தான் எங்கே என்றே தெரியவில்லை. பாட்டு மாற்றும் வேலையிலேயே இந்தத் தடுமாற்றம்.

அன்று இரவு எங்கள் வாட்ஸ்அப்பில் ரத்தம் வழியும் முகங்களும் உடைந்த கண்ணாடியும் வந்து விழுந்தன, அதிகாரப்பூர்வ அறிக்கை பிறகுதான் வந்தது. அடுத்தடுத்த நாளில் பிரசரானா தலைவராக இருந்த தாஜுடின் அப்துல் ரஹ்மான் செய்தியாளர் கூட்டத்தில் பேசிய விதம் பெரும் கோபத்தைக் கிளப்பி, அவர் பதவி பறிபோனது. அதில் நம் தொழிலுக்கும் ஒரு பாடம் இருக்கிறது: வாய் திறந்தால் மட்டும் போதாது. ஆனால் இன்று என் பேச்சு வாயே திறக்காததைப் பற்றியது.

லண்டன் இதை நம்மைவிடப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 2005 ஜூலை 7 அன்று மூன்று சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டுகள் வெடித்து 52 பேர் மாண்டார்கள். மறு ஆண்டு லண்டன் மாநகர அவை வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் வெடிகுண்டைவிட ரேடியோவைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறதோ என்று தோன்றும். ஓட்டுநர்களால் கட்டுப்பாட்டு அறையுடன் பேச முடியவில்லை. மீட்புப் படையினரின் பெரும்பாலான ரேடியோக்கள் பூமிக்கடியில் வேலை செய்யவில்லை. மேலேயும் கீழேயும் ஆள் ஓடித்தான் சேதி சொல்ல வேண்டியிருந்தது. 1987-இல் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் தீப்பிடித்து 31 பேர் இறந்தபோதே அந்தக் குறையைச் சரிசெய்யச் சொல்லியிருந்தார்கள். பதினெட்டு ஆண்டுகள் கழித்தும் அது அப்படியே இருந்தது.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வருகிறேன். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகே புக்கிட் கூடா வரை சிலாங்கூரின் முதல் ரயில் ஓடியது. அதன் பிறகு படகு. தண்டவாளம் இல்லாத இடத்தில் ஆறு உதவியது. நம் தாத்தாக்கள் பலர் வேலை பார்த்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வளாகத்தின் மேல்தான் 2001-இல் கே.எல். சென்ட்ரல் எழுந்தது. இன்று கொமுட்டர், இ.டி.எஸ்., எல்.ஆர்.டி., விமான நிலைய ரயில் எல்லாம் அங்கே வந்து முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. மோனோரயிலும் எம்.ஆர்.டி.யும் நடக்கிற தூரத்தில். வசதிதான். ஒரு முடிச்சு சிக்கினால் எத்தனை நூல் சிக்கும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

2022 நவம்பரில் அது நடந்தது. கிளானா ஜெயா தடத்தின் தானியங்கிக் கட்டுப்பாடு கோளாறாகி, சில நாள் தடங்கலுக்குப் பிறகு, 9-ஆம் தேதி முதல் கிளானா ஜெயா தொடங்கி அம்பாங் பார்க் வரை 16 நிலையங்களை மூடிவிட்டார்கள். ஏழு நாள் என்று முன்கூட்டியே சொன்னார்கள், இலவசப் பேருந்து விட்டார்கள், 14-ஆம் தேதி காலையே திறந்துவிட்டார்கள். அந்த வாரம் எங்கள் நிகழ்ச்சிக்கு வந்த அழைப்புகளில் திட்டு இருந்தது, பயம் இல்லை. எத்தனை நாள் என்று தெரிந்ததால் மக்கள் காரில் கூட்டுச் சேர்ந்தார்கள், கொஞ்சம் முன்னாலேயே கிளம்பினார்கள்.

அதே பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. மஞ்சள் நிறத் தடக்கற்களைக் கோலால் தட்டியபடி நடப்பவர்களை அங்கே தினமும் பார்க்கலாம். அவர்களில் உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்யும் ஓர் அண்ணன் எங்கள் வானொலிக்குப் பல வருட நேயர். அம்மா கதையை நான் ஒலிபரப்பில் சொன்ன அன்று அவர் அழைத்தார். “உங்க அம்மா இருபது நிமிசம் பட்டது எங்களுக்குத் தினமும்தான் மா. ஸ்டேசன் பேரு சொல்ற குரல் ஒருநாள் கேக்கலன்னா, நான் எங்க இருக்கேன்னே எனக்குத் தெரியாது” என்றார். விமான நிலையத்து வெள்ளைப் பலகையைப் பாராட்டி எழுதிவிட்டேனே என்று எனக்கு இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அவருக்கு அந்தப் பலகையால் என்ன பயன்?

2024 ஆகஸ்ட் 26-ஆம் தேதி நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், நாட்டின் முக்கியமான 11 துறைகளில் போக்குவரத்தையும் சேர்த்திருக்கிறது. தாக்குதல் தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்கு முதல் விவரம் போய்ச் சேர வேண்டும், 14 நாளில் கூடுதல் தகவல் தர வேண்டும் என்று விதி. நல்ல விதி. பயணிக்கு எத்தனை நிமிடத்துக்குள் என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. நான் கேட்பது பெரிதாக எதுவுமில்லை. ரயில் நின்று இரண்டு நிமிடம் ஆனால் ஒரு குரல் வர வேண்டும். “காரணம் தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம், உள்ளேயே இருங்கள்” என்றாலும் போதும். மலாய், ஆங்கிலத்தோடு தமிழிலும் வந்தால் மகிழ்வேன், ஆனால் முதலில் ஏதோ ஒரு மொழியில் வரட்டும். ஆள் பேசாவிட்டால், எங்கள் பெட்டியைப் போலத் தானாகப் பேசும் ஒன்றை வைப்பது இந்தக் காலத்தில் அப்படி என்ன கடினம்?

போன வெள்ளிக்கிழமை அம்மாவோடு ரயிலில் வந்தேன். கதவுக்குப் பக்கத்தில் அவசர நேரத்தில் பேசுவதற்கான பொத்தானைக் காட்டி, அடுத்த முறை இப்படி நின்றால் இதை அழுத்திக் கேளுங்கள் என்றேன். அம்மா அதைத் தொடாமல் உற்றுப் பார்த்தார்.

“அமுக்குனா ஃபைன் போடுவானா?”

“உண்மையான அவசரம்னா போடமாட்டாங்கம்மா.”

“சரி, அந்தப் பக்கம் யாரு பேசுவா?”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.