கடைமடைக்கு வராத தண்ணீருக்கும் கட்டணமா?



பாசனத் தண்ணீர் ஏறக்குறைய சும்மா கிடைப்பதால்தான் விவசாயி வீணாக்குகிறான், விலையை ஏற்றினால் சிக்கனம் தானாக வரும் என்று பத்திரிகைகளில் அடிக்கடி எழுதுகிறார்கள். பரம்பிக்குளம் ஆழியாறு (பி.ஏ.பி.) பாசனத்தின் கடைசியில், வெள்ளகோவில் பக்கம் காடு வைத்திருக்கும் நான் இதைக் கடுமையாக எதிர்க்கிறேன். தண்ணீருக்குப் பணம் கட்ட நான் தயார். ஆனால் அளந்து கொடுக்காத பொருளுக்கு விலையை மட்டும் ஏற்றுவது அநியாயம்.

பி.ஏ.பி. ஆயக்கட்டு நான்கு மண்டலமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு மண்டலத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் முறை. திருமூர்த்தி அணையில் திறந்த தண்ணீர் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடித்தான் எங்களிடம் வர வேண்டும். வழியில் கரைமேல் குழாயைப் போட்டு ராத்திரியில் மோட்டார் வைத்து இழுக்கிறார்கள். கரையோரக் கிணறுகளை நிரப்பித் தோப்புகளுக்குக் கொண்டுபோகிறார்கள். எங்கள் பகிர்மான வாய்க்காலில் முழங்கால் அளவு வர வேண்டிய தண்ணீர் கணுக்கால் அளவுதான் வருகிறது. ஆனால் முறை நேரம் மட்டும் மாறாது. ஏக்கருக்கு இவ்வளவு நேரம் என்று கணக்கு; நேரம் முடிந்தால் பாதிக் காடு நனையாவிட்டாலும் மடையை அடைத்துப் பக்கத்துக் காட்டுக்கு விட்டாக வேண்டும்.

தண்ணீர்த் தீர்வையும் ஏக்கர் கணக்குத்தான். தலைமடையில் வேண்டிய மட்டும் பாய்ச்சியவருக்கும் எனக்கும் ஒரே வீதம். ஏக்கருக்கு உண்டானதைக் கட்டிவிட்டால், அதற்குமேல் எடுக்கும் தண்ணீருக்குக் காசு கிடையாது என்றிருக்கும்போது அவர் எதற்காக மடையை அடைக்கப் போகிறார்? தீர்வையை மூன்று மடங்காக்கினாலும் அவர் எடுப்பதில் ஒரு குடம் குறையாது. தண்ணீருக்கு உண்மையான விலையை இன்றைக்கே கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் கடைமடைக்காரர்கள். ஆயிரம் அடிக்குப் போர் போட்டுக் கடனாளியானவர்களும், தென்னையைக் காப்பாற்ற டேங்கர் லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்றியவர்களும் எங்கள் பகுதியில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இதெல்லாம் அரசுக்குத் தெரியாத சங்கதி அல்ல. பாசன நீர்க் கட்டணம் பற்றி ஆராயத் திட்டக் கமிஷன் அமைத்த குழு, பொருளாதார அறிஞர் அ. வைத்தியநாதன் தலைமையில் 1992-லேயே அறிக்கை கொடுத்தது. பராமரிப்புச் செலவை ஈடுகட்டும் அளவுக்குக் கட்டணம் வேண்டும் என்று சொன்ன அதே அறிக்கை, படிப்படியாகத் தண்ணீரை அளந்து விவசாயிகள் சங்கத்துக்குக் கொடுத்துக் கட்டணம் வாங்க வேண்டும் என்றும் சொன்னது. முதல் பாதியை மட்டும் பேசுகிறவர்கள் இரண்டாம் பாதியையும் படிக்க வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் நாசிக் மாவட்டத்து வாகாட் அணைப் பாசனத்தில் இப்படி அளந்து கொடுப்பது நடந்தும் இருக்கிறது. அங்கே முதலில் சங்கம் வைத்தவர்களே கடைமடை விவசாயிகள்தான். வாய்க்கால் தலைப்பில் தண்ணீரை அளந்து சங்கத்திடம் ஒப்படைக்கிறார்கள். பங்கிடுவதும் பணம் வசூலிப்பதும் சங்கத்தின் வேலை. நம்மிடமும் 2000-ஆம் ஆண்டின் பாசன முறைமைகளை விவசாயிகள் மேலாண்மை செய்யும் சட்டம் இருக்கிறது, தேர்தல் வைத்துப் பாசன சபைகளும் அமைத்தார்கள். ஆனால் எந்தச் சபைக்கு எத்தனை கன அடி போனது என்பது ஆயக்கட்டுதாரருக்குத் தெரிவதே இல்லை.

2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 1,600 கோடி ரூபாயில் பாசன நவீனமயத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. குழாய் வழியாக வயல்வரை தண்ணீர், கருவி வைத்து நீர்க்கணக்கு என்கிறார்கள். அந்தக் கருவியை விவசாயியின் போர்வெல்லில் மாட்டுவதற்கு முன், ஒவ்வொரு கிளைவாய்க்கால் தலைப்பிலும் மாட்டுங்கள். தினமும் போன தண்ணீரைப் பாசன சபைப் பலகையில் எழுதிப் போடுங்கள். வசூலாகும் தீர்வையில் ஒரு பங்கை அந்தந்தச் சபைக்கே கொடுத்தால் வாய்க்காலை நாங்களே தூர்வாரிக்கொள்வோம். இதைச் செய்து முடிக்கும்வரை தண்ணீர்க் கட்டணத்தை ஒரு பைசாகூட உயர்த்தக் கூடாது என்று நீர்வளத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்,
வெள்ளகோவில் வட்டாரம்.