எழுவாய் எது?

ஸ்ரீராம்புரத்தின் நெருக்கமான தெருக்களில் ஒரு மாடியின்மேல் இன்னொரு மாடி எழும்போது சாரம் கட்டச் சவுக்குக் கம்புகள் வந்து இறங்குவதுண்டு. கன்னடத்தில் அது சர்வே மரம். கம்பை விலை பேசுபவர் வேரைப் பற்றிக் கேட்பதில்லை. அது அவர் வேலையுமன்று. கேட்க வேண்டிய தாவரவியல் வகுப்புகளோ ஒரே வாக்கியத்தை ஒப்புவித்து நகர்கின்றன: சவுக்கு நைட்ரஜனை நிலைப்படுத்தி மண்ணை வளமாக்குகிறது.

இவ்வாக்கியத்தில் இரண்டு வினைகள். இரண்டுக்கும் எழுவாய் பொருந்தவில்லை.

நிலைப்படுத்துவது மரமன்று, வேர்முடிச்சில் வாழும் பிராங்கியா. மரத்தின் பெயரைச் சொல்லாமல் நுண்ணுயிரின் பெயரைக் கேட்டால், பலர் ரைசோபியம் என்று எழுதிவிடுகிறார்கள். ரைசோபியம் பயறு வகைகளின் கூட்டாளி. சவுக்கு பயறுக் குடும்பமே அன்று. பிராங்கியா இழையாக வளரும் ஆக்டினோபாக்டீரியம். பயறு முடிச்சின் பாக்டீரியாவைப் பெயெரிங்க் 1888இலேயே பிரித்தெடுத்துவிட்டார். பிராங்கியாவைத் தனியே வளர்க்க 1978 வரை காத்திருக்க நேர்ந்தது. இத்தாமதம் பழைய பாடநூல்களுக்குச் சமாதானம் ஆகலாம், இன்றைய விரிவுரைக் குறிப்புகளுக்கு ஆகாது.

மரத்துக்கும் பங்குண்டு என்பதை மறுக்க முடியாது. நைட்ரஜனேஸ் நொதி ஆக்சிஜன் பட்டால் செயலிழக்கும். பிற தாவரங்களில் பிராங்கியா தடித்த உறையுடைய நுண்குமிழ்களை உருவாக்கித் தன்னைக் காத்துக்கொள்கிறது. சவுக்கிலோ அக்குமிழ்கள் தோன்றுவதில்லை. மரத்தின் செல்சுவரும் முடிச்சிலுள்ள ஹீமோகுளோபினும் அக்காவலை ஏற்கின்றன. சர்க்கரையையும் மரமே தருகிறது. எனவே மண்ணில் நைட்ரஜன் மலிந்திருந்தால் மரம் இச்செலவைக் குறைத்துக்கொள்ளும், முடிச்சுகள் குறையும். யூரியாவைக் கொட்டிவிட்டு நுண்ணுயிரைப் புகழ்வது வேடிக்கை.

இரண்டாம் வினையில்தான் உண்மையான மோசடி இருக்கிறது. நிலைப்படுத்தப்பட்ட நைட்ரஜன் முதலில் மரத்தின் உடலுக்குள் செல்கிறது. ஊசி போன்ற சிறுகிளைகள் உதிர்ந்து மட்கினால்தான் அதில் கணிசமான பங்கு மண்ணுக்குத் திரும்பும். தமிழகக் கடலோரத்தில் நடப்பதென்ன? சில ஆண்டுகளில் மரம் வெட்டப்படுகிறது. தடி கம்பாகவும் காகிதக்கூழாகவும் போகிறது, கிளை விறகாகிறது, உதிர்ந்த சருகு அடுப்புக்குக் கூட்டி அள்ளப்படுகிறது, அடிக்கட்டைகூடப் பல இடங்களில் தோண்டி விற்கப்படுகிறது. உழவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விலை போவதை அவர் விற்கிறார். இத்தனையும் வெளியேறிய பிறகு எஞ்சுவதை அளக்காமலே ‘மண்வளம் காக்கும் மரம்’ என்று அறிக்கை எழுதும் கல்வியுலகம்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பட்டம் வெறும் சொல்லாக நின்றுவிடுவதில்லை. கர்நாடக மேற்குத்தொடர்ச்சி மலைப்பகுதியில் ஒற்றைப் பயிராக நடப்பட்ட அக்கேசியாவுக்கும் அதே பட்டம்தான் கேடயம். அங்கே கூட்டாளி ரைசோபிய வகை, ஆனால் வாதம் ஒன்றே.

பாஸ்பரஸையும் கால்சியத்தையும் எந்த நுண்ணுயிரும் காற்றிலிருந்து எடுத்துத் தராது. அவை மணலிலிருந்து கிளம்பி, கம்போடும் பட்டையோடும் லாரியேறிச் சாரமாக நிற்கின்றன. நைட்ரஜன் வரவை எழுதும் ஆய்வேடு இந்தச் செலவையும் அதே பக்கத்தில் எழுதட்டும்.