366 படிகளும் 365 படிகளும்

பெல்ஜியம் நாட்டின் மேற்குக் கோடியில் புரூஜ் என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. வீடுகளின் சுவரைத் தொட்டுக்கொண்டு கால்வாய்கள் ஓடுவதால் அதற்கு 'வடதேசத்து வெனிஸ்' என்று ஒரு செல்லப் பெயரும் உண்டு. அந்நகரின் சந்தைச் சதுக்கத்தில் 83 மீட்டர் உயரத்துக்கு ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. அதன் உள்ளே சுழன்று சுழன்று மேலே போகும் படிகள் 366. திருத்தணி மலைக்கு வருஷத்தின் நாட்களைக் கணக்கிட்டு 365 படிகள் என்று சொல்வார்கள். புரூஜ்காரர்கள் லீப் வருஷத்தையும் மறக்காமல் சேர்த்துக் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது!

வேடிக்கை இருக்கட்டும். ஐரோப்பா சென்று வரும் நம்மவர் அந்த 366 படிகளையும் மூச்சு வாங்க ஏறுகிறார்கள். ஏறியதைப் படம் பிடித்து உறவினருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். அதே மனிதர்கள் திருத்தணிக்கு வரும்போது, படி எந்தப் பக்கம் என்று விசாரிப்பதுகூடக் கிடையாது. மலைப்பாதையில் மோட்டார் மேலே போகிறது; கால் மணி நேரம் வரிசை; ஒரு கற்பூர ஆரத்தி; ஒரு பொட்டலம் பிரசாதம்; மோட்டார் கீழே வருகிறது. அடுத்து திருப்பதி. திருத்தணியைப் பார்த்தாயிற்றா என்று கேட்டால், "பார்த்தாயிற்று" என்கிறார்கள்.

புரூஜ் நகரத்தாருக்கும் இதே மனக்குறை உண்டு. அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள். கோடைகாலத்தில் சந்தைச் சதுக்கத்தில் நிற்க இடமிராது. கால்வாய்ப் படகில் ஏற நீண்ட வரிசை. ஆனால் நவம்பர் பாதிக்கு மேல் நிலைமை மாறுகிறது. குளிர் எலும்பைத் துளைக்கிறது. டிசம்பரில் பொழுது விடிய ஏறக்குறைய ஒன்பது மணியாகிறது. மாலை ஐந்துக்குள் விளக்கு வைத்துவிட வேண்டியதுதான். படகுகளைப் பெரும்பாலும் கட்டிப்போட்டு விடுகிறார்கள். 'படகும் இல்லை, வெயிலும் இல்லை, இந்தக் குளிரில் அங்கே என்ன இருக்கிறது பார்க்க?' என்று கேட்கத் தோன்றும்.

ஊர் இருக்கிறது, பார்க்க! துடுப்போ இயந்திரமோ கலக்காத தண்ணீரில் செங்கல் வீடுகள் தலைகீழாக நிற்கின்றன. கூண்டின் 47 மணிகள் ஒலிக்கும்போது இடையில் வேறு ஓசை குறுக்கிடுவதில்லை. நடுத்தரக் காலத்தில் ஐரோப்பாவின் பெரிய வாணிபத் துறைகளுள் ஒன்றாக இருந்த ஊர் அது. கடலோடு அதை இணைத்த ஸ்வின் என்னும் கழி மண்ணடித்துத் தூர்ந்துபோகவே, கப்பல்கள் வருவது நின்றது. வியாபாரம் ஆண்ட்வெர்ப் நகருக்குப் போய்விட்டது. செல்வம் போனதால் பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்ட யாருக்கும் சக்தி இல்லை. அந்த வறுமையே ஊரைக் காப்பாற்றிக் கொடுத்தது. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அந்தப் பழைய நகரம் முழுவதையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இந்தக் கதையைக் கோடைகாலக் கூட்டத்தில் நின்று யார் கேட்க முடியும்? குளிர்காலத்தில் அந்த ஊரே அதைச் சொல்கிறது.

உண்மையான வெனிஸின் பாடு இன்னும் திண்டாட்டம். 2024 ஏப்ரல் 25ஆம் தேதி முதல், நெரிசல் மிகுந்த சில நாட்களைக் குறித்து, பகலில் வந்து போகிறவர்களிடம் தலைக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கிப் பார்த்தார்கள். அப்படிக் குறித்த நாட்களெல்லாம் வசந்த காலத்திலும் கோடையிலும் வந்தவை. குளிர்காலத்து நாள் ஒன்றுகூட அதில் இல்லை. இரவு தங்குகிறவருக்கும் அந்தக் கட்டணம் கிடையாது. வந்தவர் தங்க வேண்டும் என்பதே அந்த ஊரின் ஆசை என்று இதிலிருந்து தெரிகிறது.

திருத்தணிக்கும் அதே ஆசை இருக்கக்கூடாதா?

கோடைகாலத்தில் பத்திரிகையைப் புரட்டுகிறவர்களுக்குத் திருத்தணி நன்றாகத் தெரிந்த பெயர். 'வெயில் சதம் அடித்த ஊர்கள்' என்ற பட்டியலில் அது தவறாமல் இடம் பிடிக்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் அந்தக் கல்லில் கால் வைத்தவர்கள் படியை மறந்து மோட்டாரை நாடுவதைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி பிறந்தபின் அந்த ஊரே வேறு. அதிகாலையில் மலையைப் பனி மூடுகிறது. தை மாதத்துக் காலைகளில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதும் உண்டு. புரூஜ்வாசிகள் அதைக் குளிர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நமக்குக் காதில் மஃப்ளர் சுற்றிக்கொள்ள அது போதும். மழை நன்றாகப் பெய்த வருஷமானால் அடிவாரத்துச் சரவணப் பொய்கையில் தண்ணீர் ததும்பி நிற்கும். ஆடிக் கிருத்திகையில் தெப்பமும் காவடியுமாக அமளிப்படும் அதே குளக்கரை, மார்கழி மாதத்து ஒரு புதன்கிழமைக் காலையில் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

காவடிக் கூட்டத்தைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கூட்டமில்லாமல் ஆடிக் கிருத்திகையா? அதன் அழகே வேறு. குளிர்காலத்திலும் ஒருநாள் அங்கே கூட்டம் நெரியும்: டிசம்பர் 31. அன்று படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடி, ஒவ்வொரு படிக்கும் பூஜை செய்து ஏறுகிறார்கள். நள்ளிரவில் மேலே புதுவருஷ தரிசனம். இந்தத் திருப்படித் திருவிழாவைத் தொடங்கி வைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர். பிறகு திருப்புகழுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்து ஊர் ஊராகப் பரப்பியவர். வெள்ளைக்காரர் ஆண்ட அந்நாளில், ஜனவரி முதல் தேதி பிறந்தால் உத்தியோகஸ்தர்கள் எலுமிச்சம்பழமும் மாலையுமாகத் துரைமார் பங்களாவுக்கு ஓடுவார்கள். துரைகளுக்கெல்லாம் துரை தணிகை மலைமேல் இருக்கிறான், அவனிடம் போவோம் என்று சுவாமிகள் அவர்களை இந்தப் பக்கம் திருப்பினார் என்பது வழங்கிவரும் செய்தி. துரைமார் கப்பல் ஏறிவிட்டார்கள். படி நின்று நிலைத்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த விழாவில் மலையுச்சிக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்பு படிக்கும் இருக்கிறது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி. ஒவ்வொரு படியிலும் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் அவசரத்தை விரும்பாதவர்கள். சூரபன்மனோடு போர் முடித்த முருகன் சினம் தணிந்த இடம் என்பதால்தான் தணிகை என்று பெயர் வந்ததாகப் புராணம் கூறுகிறது. மற்றப் படைவீடுகளில் கந்தசஷ்டியின்போது சூரசம்ஹாரம் நடக்க, இங்கே மட்டும் அது இல்லாமல் பூக்களைச் சொரிந்து வழிபடுகிறார்கள். அப்படிப்பட்ட மலைக்கு, முன்னால் போகும் வண்டி நகரவில்லை என்று ஹார்னை அழுத்திக்கொண்டும் பல்லைக் கடித்துக்கொண்டும் போவது என்ன பொருத்தமோ தெரியவில்லை.

"வயதானவர்கள் என்ன செய்வார்கள்? முழங்கால் வலிக்காரர்கள் படி ஏற முடியுமா?" என்ற கேள்வி நியாயமானது. அவர்களுக்காகத்தான் மலைப்பாதை. கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும் அது வேண்டியதே. அந்தப் பாதையில் அவர்கள் சுகமாகப் போய்வர வேண்டுமானால், திடகாத்திரமாக இருக்கிற மற்றவர்கள் அதை அடைத்துக்கொண்டு நிற்கக்கூடாது. புரூஜில் சுற்றுலாப் பேருந்துகள் பழைய நகரத்துக்குள் வருவதில்லை. எல்லையில் நிறுத்திவிட்டு எல்லாரும் நடந்தே வருகிறார்கள். அதனால் அந்த ஊருக்கு வருகிறவர் தொகை குறைந்துவிடவில்லை. மார்கழியும் தையுமான இரண்டு மாதங்களில், விசேஷமில்லாத வார நாட்களில் மட்டுமாவது, சொந்த வாகனங்களை அடிவாரத்தில் நிறுத்தச் சொல்லி, முடியாதவர்களுக்கு மட்டும் மேலே போக வண்டி விட்டுப் பார்க்கலாம். செலவு அதிகம் பிடிக்காத பரீட்சை. படி வழிக்கு நிழலும் குடிநீரும் விளக்கும் கழிப்பிடமும் குறைவறச் செய்து கொடுத்தால், ஏறுகிறவர்கள் ஏறத்தான் போகிறார்கள். மலைக்கு வசதி செய்வதென்றால் மேலும் மேலும் வண்டி நிறுத்தச் சமதளம் வெட்டுவது என்றே பொருள் கொள்வது சரியல்ல.

படி ஏறி இறங்குகிறவனுக்கு இன்னொரு லாபம் உண்டு. அவனுக்குப் பசிக்கும்! ஊருக்குள் போவான், இட்லி சாப்பிடுவான், களைப்பாறி, மாலை வரை தங்கலாமே என்று நினைப்பான். மோட்டாரில் வந்தவனுடைய பணம் மலைமேல் வண்டி நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள கடைகளோடு நின்றுவிடுகிறது. தங்குகிறவனுடைய பணம் ஊருக்குள் நாலு வீதியிலும் உலவுகிறது.

தங்கினால் பார்க்க என்ன இருக்கிறது என்றால், நந்தியாற்றங்கரை வீரட்டானேசுவரர் கோயில் ஒன்று போதும். பல்லவ அரசர்களில் கடைசிக் காலத்தவனான அபராஜிதவர்மன் நாளில், ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நம்பி அப்பி என்பவர் கட்டிய கற்றளி அது. பின்புறம் யானையின் முதுகுபோல வளைந்திருக்கும். அங்கே கல்லில் ஒரு வெண்பா பொறித்திருக்கிறது. அதை அரசனே பாடினான் என்று கல்வெட்டே சொல்கிறது. ஆட்சி நழுவிக்கொண்டிருந்த காலத்திலும் ஒரு சிறு கோயிலுக்காக வெண்பா கட்ட ஓர் அரசனுக்குப் பொழுது இருந்திருக்கிறது. மலைமேல் போய் வந்த ஆயிரம் பேரில் பத்துப் பேராவது இதை எட்டிப் பார்ப்பார்களா என்பது சந்தேகம். புரூஜில் ஓவியர் வான் ஐக் வாழ்ந்து 1441இல் மறைந்தார் என்பதை வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து நெட்டுருப் போடுகிற நம் பிள்ளைகளுக்கு, முத்துசாமி தீட்சிதர் தமது முதல் கீர்த்தனத்தைப் பாடியது இந்தத் திருத்தணியில் என்று யாராவது சொல்லிக் கொடுக்கலாம். வாயைத் திற என்று ஒரு முதியவர் சொல்லி நாவில் கற்கண்டு இட்டு மறைந்தார் என்றும், அந்தத் தித்திப்போடு மாயாமாளவகௌளையில் பாட்டுப் பிறந்தது என்றும் சங்கீத உலகம் சொல்லி வருகிறது.

சென்னையிலிருந்து மின்சார ரயில் இருக்கிறது. ரயிலடியிலிருந்து அடிவாரத்துக்கு நடந்தே போய்விடலாம். பனி விலகியபின் பாதிப் படியில் நின்று வடக்கே பார்த்தால் நகரிப் பக்கத்து மலைகள் நீலமாகத் தெரியும். அவை ஆந்திராவில் இருக்கின்றன. நின்று பார்க்கிற இந்தப் படியும் ஒரு காலத்தில் ஆந்திர ராஜ்யத்துச் சித்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் மற்றும் பலரும் போராடி, படாஸ்கர் தீர்ப்பு வந்து, 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அத்தனை பாடுபட்டு வாங்கிய ஊரில் இன்று நம்மவர் சராசரியாக எவ்வளவு நேரம் தங்குகிறார்கள் என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. அடிவாரத்துப் பூக்காரி மட்டும் அதைச் சரியாகச் சொல்லிவிடுவாள். பாதித் தமிழிலும் பாதித் தெலுங்கிலும் சொல்வாள். கேட்பதற்கு வண்டியை விட்டு இறங்க வேண்டும்.