டிப்ஸுக்கு பி.எஃப். பிடிப்பாங்களா?

என் சித்தி பையன் ஐ.டி.ல இருக்கான், நாலு வருஷ அனுபவம். கம்பெனி கான்ஃபரன்ஸுக்காக முதல் தடவையா லாஸ் வேகாஸ் போயிட்டு வந்தான். வந்ததும் வராததுமா எனக்கு போன். தூக்கம் இன்னும் தெளியல, கோபம் மட்டும் நல்லா முழிச்சுட்டு இருந்தது.

"அண்ணா, பிளாக்ஜாக் மேசைல நாற்பது டாலர் தோத்தேன். எழுந்திரிக்கும்போது பக்கத்து சீட்காரர், 'டீலருக்கு ஏதாவது வச்சுட்டுப் போப்பா'ங்கறார். என் காசை வழிச்சு எடுத்தவருக்கு நான் டிப்ஸ் வேற தரணுமா?"

கேசினோ பக்கமே ஏன் போனேன்னு கேட்க வாய் வந்தது. அடக்கிக்கிட்டேன், அது வேற வீடியோ. ஆனா அவன் கேள்வி நியாயமானது. டீலர் பண்ண வேலைக்கு யார் கூலி தரணும்? அவரை வேலைக்கு வச்சவரா, தோத்தவரா?

முதல்ல ஒரு விஷயம் தெளிவாகட்டும். நீங்க தோத்த காசு கேசினோவுக்குப் போகுது, சீட்டு போட்டவருக்குப் போறதில்ல. அவருக்கு மணிக்கணக்குல கூலி. லாஸ் வேகாஸ் இருக்கிற நெவாடா மாநிலத்துல 2024 ஜூலைல இருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 டாலர். நிறைய டீலர்களோட அடிப்படைக் கூலி அதை ஒட்டித்தான் இருக்கும். வீட்டு வாடகை, குழந்தை படிப்பு எல்லாம் ஓடுறது டிப்ஸ்ல. நீங்க ஒரு சிப்பை நகர்த்தி வச்சா, டீலர் அதை மேசைல ஒரு தட்டு தட்டி, மேல இருக்கிற கேமராவுக்குத் தெரியற மாதிரி பெட்டில போடுவார். பெரும்பாலான கேசினோக்கள்ல அந்த நாள் பெட்டி மொத்தமும் டீலர்களுக்குள்ள பங்கு பிரியும்.

கணக்குப்பிள்ளை மூளைக்கு சுவாரஸ்யமான இடம் இதுக்கு அப்புறம்தான். அமெரிக்க வருமான வரித்துறை கேசினோக்களோட ஒப்பந்தமே போட்டு வச்சிருக்கு: இந்த வேலைக்கு, இந்த ஷிஃப்ட்டுக்கு, மணிக்கு இவ்வளவு டிப்ஸ் வரும்னு ஒரு ரேட். அந்த ரேட்டுக்கு வரி. "டிப்ஸுக்கு வரி கிடையாது"ன்னு ட்ரம்ப் 2024 ஜூன்ல வாக்குறுதி குடுத்ததும் இதே லாஸ் வேகாஸ் மேடைலதான். 2025ல அது சட்டமும் ஆச்சு. 2028 வரைக்கும் வருஷத்துக்கு 25,000 டாலர் வரை டிப்ஸை வருமான வரிக் கணக்குல கழிச்சுக்கலாம். பில்லுல கட்டாயமா போடற சர்வீஸ் சார்ஜுக்கு இது பொருந்தாது, வாடிக்கையாளர் தானா குடுத்ததுக்கு மட்டும்.

அதாவது, சந்தோஷத்துக்குக் குடுக்கிறதுன்னு பேரு. ஆனா அரசாங்கமே ரேட் போட்டு வரி வசூலிக்கிற அளவுக்கு அது சம்பளம். இன்னும் மோசமான மாநிலங்கள் இருக்கு. டிப்ஸ் வாங்கற ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்ச ரொக்கக் கூலி, அமெரிக்க மத்திய சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். 1991ல வச்ச எண், இன்னிக்கும் அதேதான். மிச்சம் டிப்ஸ்ல வந்துடும்னு கணக்கு. டிப்ஸ் சேர்த்தும் 7.25 டாலரைத் தொடலன்னா முதலாளி குறைய நிரப்பணும்னு சட்டம் சொல்லுது. ஆனா முழுசா வந்துட்டா முதலாளிக்கு மிச்சம். வாடிக்கையாளரோட தாராள மனசு முதல்ல குறைக்கிறது முதலாளியோட சம்பளச் செலவைத்தான்.

"டிப்ஸ் இருந்தாத்தான் சர்வீஸ் நல்லா இருக்கும்"னு சொல்றவங்க ஒண்ணு யோசிங்க. உங்க மாசச் சம்பளத்துல பாதியை கிளையன்ட் ஒவ்வொரு மீட்டிங் முடிஞ்சதும் அவர் மூடைப் பொறுத்து முடிவு பண்ணுவார்னு ஹெச்.ஆர். ஆஃபர் லெட்டர்ல போட்டா கையெழுத்து போடுவீங்களா? வேரியபிள் பே பத்து பெர்சென்ட் குறைஞ்சதுக்கே நம்மாளுங்க ராத்திரி ஒரு மணிக்கு எனக்கு மெசேஜ் பண்றாங்க.

இதே சீட்டு, இதே மேசை, சிங்கப்பூர்ல வேற கதை. அங்க கேசினோ ஊழியர் வாடிக்கையாளர்கிட்ட டிப்ஸ் வாங்கவே கூடாதுன்னு சட்டம். காரணம் ரொம்ப எளிமை. பணம் புழங்கற மேசைல உக்காந்திருக்கிறவர் விளையாடறவர்கிட்ட காசு வாங்கினா, அது அன்பளிப்பா லஞ்சமான்னு யார் பிரிச்சுப் பார்க்கிறது? அப்போ அவருக்கு முழுக் கூலியையும் கேசினோதான் தந்தாகணும். தருது, கேசினோவும் நல்லாத்தான் ஓடுது. டிப்ஸ் இல்லாம இந்தத் தொழில் நடக்காதுங்கிற வாதம் அங்கேயே முடிஞ்சுபோச்சு.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? "நீ அஞ்சு டாலர் வச்சிருக்கணும்டா"ன்னேன். அவன் எதிர்பார்க்கல. அந்த முறை தப்புதான், எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அவன் குடுக்காம விட்ட அஞ்சு டாலர் கேசினோ முதலாளிக்கு வலிக்கவே வலிக்காது. மேசைக்கு அந்தப் பக்கம் எட்டு மணி நேரம் நின்னவங்களுக்குத்தான் குறையும். ஒரு ஊர்ல கூலியே டிப்ஸ் மேல கட்டியிருக்குன்னா, அங்க போற செலவுல அதையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போடணும். பிடிக்கலன்னா போகாம இருக்கலாம், என் முதல் சாய்ஸ் அதுதான். போய் உக்காந்து, சேவையை வாங்கிட்டு, கொள்கை பேசறது சரியில்ல.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். இங்கேயும் அதே பதிலான்னா, இல்லீங்க. அதுக்கு ஒரு பழைய கதை சொல்லணும்.

ஆர்ட்டிகிள்ஷிப் காலத்துல சென்னைல ஒரு ரெஸ்டாரன்ட் ஆடிட்டுக்குப் போனேன். பேர் வேண்டாம். பில்லுல பத்து பெர்சென்ட் சர்வீஸ் சார்ஜ் போடற இடம். லெட்ஜர்ல அதுக்கு தனிக் கணக்கு இருந்தது. வரவு பக்கம் அழகா தினமும் ஏறுது. செலவு பக்கம் பார்த்தா, உடைஞ்ச தட்டு கிளாஸ், யூனிஃபார்ம் சலவை, தீபாவளி ஸ்வீட் பாக்ஸ். மார்ச் 31 அன்னிக்கு மிச்சம் மொத்தமும் ஒரே என்ட்ரில "இதர வருமானம்". ஊழியர்களுக்குப் பிரிச்சுக் குடுத்ததா ஒரு வவுச்சர் கூட இல்ல.

மத்தியானம் ஸ்டாஃப் சாப்பாடு எனக்குப் பரிமாறின அண்ணா, நான் கணக்கு பார்க்க வந்தவன்னு தெரிஞ்சு மெதுவா கேட்டார்: "தம்பி, அந்தப் பத்து பெர்சென்ட் எங்களுக்குத்தான்னு நெனச்சு கஸ்டமர் யாரும் டிப்ஸ் வைக்க மாட்டேங்கறாங்க. அது எங்களுக்கு வரணுமா, வர வேண்டாமா? புக்ல என்னன்னு போட்டிருக்கு?"

சீனியர்கிட்ட கேட்டேன். "பில்லுல போட்டாங்க, வருமானமா காட்டினாங்க, வரி கட்டினாங்க. நமக்கு என்ன பாயின்ட் இருக்கு?"ன்னார். ஆடிட்டரா பார்த்தா அவர் சொன்னதுல தப்பு கண்டுபிடிக்க முடியல. அந்த அண்ணாகிட்ட நான் "தெரியலண்ணா"ன்னு பொய் சொன்னேன். மறுநாள்ல இருந்து சாப்பாட்டுக்கு வெளில போயிட்டேன்.

அந்த இடத்துல வாடிக்கையாளர் குடுத்தார், ஊழியர் வாங்கல. எல்லா உணவகமும் இப்படின்னு சொல்லல. ஊழியர்களோட ஒப்பந்தம் போட்டு ஒழுங்கா பிரிச்சுக் குடுக்கிற இடமும் உண்டு. ஆனா பில்லைப் பார்த்து நீங்க கண்டுபிடிக்க முடியாது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்னிக்கு வழிகாட்டுதல் போட்டது: உணவகம் சர்வீஸ் சார்ஜை தானா பில்லுல சேர்க்கக் கூடாது, வேற பேர்லயும் வாங்கக் கூடாது, தர மாட்டேன்னு சொன்னா உள்ள விடாம இருக்கக் கூடாது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டாங்க. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்னிக்கு வழிகாட்டுதல் செல்லும்னு தீர்ப்பு சொல்லி, வழக்குப் போட்ட சங்கங்களுக்கு அபராதமும் போட்டது. மேல்முறையீட்டுக்கும் போயிருக்காங்க. இருந்தாலும் இன்னிக்கும் சில பில்லுல அந்த வரி இருக்கு, சின்ன எழுத்துல.

கணக்கு பாருங்க. 2,000 ரூபாய்க்குச் சாப்பிட்டீங்க. 10% சர்வீஸ் சார்ஜ் 200. அதுக்கு மேல 5% ஜி.எஸ்.டி. போட்டா மொத்தம் 2,310. சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்னா 2,100. வித்தியாசம் 210 ரூபாய். அதுல 150 ரூபாயை பரிமாறினவர் கையில குடுத்தாலும் உங்களுக்கு 60 ரூபாய் மிச்சம், அவருக்கு 150 நிச்சயம்.

அப்போ கையில குடுத்தா பிரச்சினை தீர்ந்துச்சான்னா, அதுவும் இல்ல. சம்பளம் வாங்கற நீங்க இதைத்தான் முக்கியமா கவனிக்கணும்.

2016ல உச்ச நீதிமன்றத்துல ஒரு வழக்கு. ஹோட்டல்ல கார்டு மூலமா வர்ற டிப்ஸை நிர்வாகம் வசூல் பண்ணி ஊழியர்களுக்குப் பிரிச்சுக் குடுக்குது. அது சம்பளம்தானே, டி.டி.எஸ். ஏன் பிடிக்கலன்னு வருமான வரித்துறை கேட்டது. ஐ.டி.சி. வழக்குன்னு எங்க தொழில்ல சொல்வோம். நீதிமன்றம் சொன்னது: அது வாடிக்கையாளர் தர்ற பணம், முதலாளி தர்றது இல்ல, அதனால சம்பளம் ஆகாது. ஊழியர் கையில அது இதர வருமானம். சட்டப்படி சரியான தீர்ப்புன்னுதான் நானும் நினைக்கிறேன்.

ஆனா அந்தக் காசோட இன்னொரு பக்கத்தைப் பாருங்க. சம்பளம் இல்லாததுக்கு பி.எஃப். இல்ல. இ.எஸ்.ஐ. இல்ல. பேங்க்ல லோன் கேட்டா பே ஸ்லிப்ல அது இல்ல. ஆங்கிலத்துல டிப்ஸுக்கு கிராஜுவிட்டின்னு இன்னொரு பேர் உண்டு. அந்த கிராஜுவிட்டி வாங்கறவருக்கு, உங்க சி.டி.சி.ல வர்ற கிராஜுவிட்டி கணக்குல அது சேராது.

ஒருத்தருக்குச் சம்பளம் 10,000, டிப்ஸ் 5,000ன்னு வச்சுக்குவோம். அந்த 5,000மும் சம்பளமா வந்திருந்தா, அவர் பங்கு 12%, முதலாளி பங்குல பென்ஷனுக்குப் போனது போக 3.67%, ஆக மாசம் 783 ரூபாய் பி.எஃப்.ல கூடுதலா சேர்ந்திருக்கும். இப்போ இருக்கிற 8.25% வட்டி அப்படியே தொடர்ந்தா 20 வருஷத்துல சுமார் நாலரை லட்சம். பென்ஷன் தனி. கிராஜுவிட்டில இன்னொரு 57,000 சொச்சம். டிப்ஸா வந்ததால இதுல ஒரு ரூபாய் கூட இல்ல. அமெரிக்காவுல, குறை சொன்ன அதே ஊர்ல, கணக்குல காட்டின டிப்ஸுக்கு சோஷியல் செக்யூரிட்டி பிடிப்பாங்க, ஓய்வூதியத்துல அது சேரும். இந்த ஒரு விஷயத்துல அந்த டீலர் நம்ம சர்வரை விட மேல்.

அதனாலதான் வாடிக்கையாளர் டிப்ஸ் குடுத்தே ஆகணும்னு எதிர்பார்க்கிறதை நான் ஏத்துக்கல. சம்பளத்துல வர வேண்டியது டிப்ஸா மாறும்போது, நம்ம பாக்கெட்ல போறதை விட அவர் அறுபது வயசுல இழக்கிறது அதிகம். மெனுல தோசை விலையை பத்து ரூபாய் ஏத்தி சம்பளத்துல போடுங்க, நான் தர்றேன்.

கேப் ஆப்ல வண்டி வர்றதுக்கு முன்னாடியே "டிப் சேர்த்தா சீக்கிரம் வரும்"னு காட்டறாங்களே, அதை நான் டிப்ஸாவே எண்றதில்ல. அது ஏலம். 2025 மே மாசம் இதே நுகர்வோர் ஆணையம் ஊபருக்கு இது பத்தி நோட்டீஸ் அனுப்பியிருக்கு. இறங்கினதுக்கு அப்புறம் டிரைவருக்குக் குடுக்கத் தோணினா குடுங்க, அது உங்க இஷ்டம்.

என் வீட்டு பட்ஜெட்ல டிப்ஸுக்கு மாசம் 600 ரூபாய். தனி வரி, தனி கவர், ஐம்பது ரூபாய் நோட்டா. மழைல சாப்பாடு கொண்டு வர்ற தம்பி, நாலாவது மாடிக்கு சிலிண்டர் தூக்கிட்டு வர்றவர், அப்புறம்தான் ஏ.சி. ரெஸ்டாரன்ட். ரொம்பப் பேர் இதை தலைகீழா பண்றோம். வெள்ளைச் சட்டை போட்டவர் பார்க்கிறார்னு 200 வைக்கிறோம், ஹெல்மெட் போட்டவருக்கு ஓ.டி.பி. மட்டும் சொல்லி அனுப்பறோம்.

போன மாசம் தம்பியோட சாப்பிடப் போனேன். பில்லுல சர்வீஸ் சார்ஜ். எடுக்கச் சொன்னேன். மேனேஜர் வந்து, "சார், இது எங்க ஸ்டாஃபுக்குப் போறது"ன்னார். "சந்தோஷம் சார், அதை நானே அவர்கிட்ட குடுத்துடறேன்"னு சொல்லி கவரை எடுத்து மேசைல வச்சேன். தம்பி கூச்சத்துல தண்ணி கிளாஸையே பார்த்துட்டு இருந்தான். பரிமாறினவர் கொஞ்சம் தள்ளி நின்னு சுவத்தைப் பார்த்துட்டு இருந்தார், ஆனா காது எங்க பக்கம்தான். புது பில் வர பத்து நிமிஷம் ஆச்சு.