பஞ்சும் வெடியும்

மருதமுனைத் தறியில் நெய்த சாரங்கள் அடங்கிய பெட்டி ஒன்று. வேட்டைத் துப்பாக்கித் தோட்டாக்கள் அடங்கிய பெட்டி மற்றொன்று. நிறையில் இரண்டும் சமம். ஒரே கப்பலில் ஒரே துறைமுகத்துக்கு இரண்டையும் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். சாரப் பெட்டிக்குச் சாதாரணக் கூலி. தோட்டாப் பெட்டிக்கோ அதற்கு மேல் அபாயச் சரக்குக் கட்டணம் என்று இன்னொரு தொகை. வியாபாரி முகஞ் சுளிக்கிறார். இது நியாயந்தானா?

பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்கலாகாது என்பர் நம் முன்னோர். யுத்த காலத்தில் அவ்வாறு வைத்தே பிரயாணம் செய்தது ‘போர்ட் ஸ்டிக்கின்’ என்னும் கப்பல். சுமார் 1,400 தொன் வெடிபொருள்களோடு கராச்சியில் பஞ்சுப் பொதிகளையும் ஏற்றிக்கொண்டு அது பம்பாயை அடைந்தது. 1944 ஏப்ரல் 14ஆம் திகதி பஞ்சில் தீப்பற்றியது. அன்று மாலை கப்பல் இருமுறை வெடித்துச் சிதறியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். தீயணைக்கச் சென்ற வீரர்களில் மட்டும் 66 பேர் உயிர் துறந்தனர். இந்தியாவில் இன்றும் அத்தினம் தீயணைப்போர் நினைவு நாளாக அனுட்டிக்கப்படுகிறது.

எதனை எதனருகே வைக்கலாம் என்பதற்கு இன்று சர்வதேச விதிகள் உண்டு. அபாயப் பொருள்கள் ஒன்பது வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதலாம் வகுப்பு வெடிபொருள். சிறு துப்பாக்கித் தோட்டாக்கள் அவ்வகுப்பிலேயே சாதுவான பிரிவைச் சேர்ந்தவை. முறையாகப் பொதி செய்தால், ஒன்று வெடித்தாலும் சேதம் பெரும்பாலும் பெட்டிக்குள் அடங்கிவிடும்.

“அவ்வளவு சாதுவானதற்கு ஏன் ஐயா கட்டணம்?” என்று வியாபாரி கேட்கலாம். அது சாதுவாக இருப்பதே தக்க பெட்டியாலும், அடையாளச் சீட்டாலும், உண்மையான பத்திரத்தாலும், பயின்ற கையாலுந்தான். தீ மூண்டால் எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று மாலுமி அறிந்திருக்கவேண்டும் அன்றோ?

இச்செலவுக்கு அஞ்சிச் சிலர் சரக்கின் பெயரையே மாற்றி எழுதிவிடுகின்றனர். அவ்வாறு மறைப்போருக்குப் பெட்டகம் ஒன்றுக்கு 15,000 டொலர் தண்டம் என்று 2019இல் ஹபாக் லாய்ட் கம்பெனி அறிவித்தது.

எனினும், பத்திரத்தில் உண்மையை எழுதினால் மட்டும் போதாது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பலில் 1,486 பெட்டகங்கள் இருந்தன. அவற்றுள் 81 அபாயச் சரக்கு. நைத்திரிக்கமிலம் கசிவது வழியிலேயே தெரிந்திருந்தது. கட்டாரிலும் இந்தியாவிலும் இரு துறைமுகங்கள் அப்பெட்டகத்தை இறக்க இணங்கவில்லை. முடிவில் கப்பல் மூழ்கியது, பிளாத்திக்குமணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின, மீனவர் தொழிலிழந்தனர். 2025 ஜூலையில் நமது உயர் நீதிமன்றம் நூறு கோடி டொலர் நட்டஈடு செலுத்துமாறு கட்டளையிட்டது. ஒரு பெட்டகத்தைச் செவ்வனே அடைப்பதற்கு ஆகும் செலவை இத்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

இது மேற்குக் கரையின் கதைதானே என்று கல்முனையில் இருப்போர் எண்ணலாகாது. 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, திருக்கோவிலுக்குத் தெற்கே சங்கமன்கண்டிக்கு அப்பால், சுமார் 270,000 தொன் மசகெண்ணெயுடன் சென்ற ‘நியூ டயமண்ட்’ தீப்பற்றியது. மாலுமி ஒருவர் மாண்டார். இலங்கை, இந்தியக் கப்பல்கள் பல நாள் போராடித் தீயை அணைத்தன. சரக்கெண்ணெய் கடலில் கலந்திருந்தால், நமது கரைவலைகளின் கதி யாதாகியிருக்கும்?

ஆகவே, அபாயச் சரக்குக்குரிய செலவை யாரேனும் ஒருவர் கொடுத்தே தீரவேண்டும். அனுப்புபவர் முன்கூட்டியே கொடுத்தால் அது கட்டணம். அவர் கொடாது ஒளித்தால், அக்கப்பலை ஒருநாளும் கண்டிராத மீனவன் தன் அடுப்பை அணைத்துக் கொடுக்க நேரிடும். மாணவர்களே, அவ்விரண்டில் எது நியாயம் என்பதை நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.