கமராவுக்கு இடத்தின் பெயர் வையுங்கள், போனுக்குப் பிள்ளையின் பெயர் வேண்டாம்

போன கிழமை ஒரு நாள் இரவு பத்து மணியிருக்கும். பக்கத்து வீட்டு அம்மா மதிலடியில் நின்று கூப்பிட்டார். "ரீச்சர், கனடாவிலயிருந்து மகள் எடுத்தவ. கமரா மூண்டு வேலை செய்யேல்லையாம். ஒருக்கா வந்து பாருங்கோவன்."

எது மூன்று? அம்மாவுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. டோர்ச்சோடு வளவு முழுக்கச் சுற்றினோம். கடைசியில் கிணற்றடிக் கமராவின் வயர் கழன்றிருந்தது. தனியாக இருக்கும் ஒரு வயோதிபத் தாய் அந்த இருட்டில் அரை மணித்தியாலம் பயந்ததற்குக் காரணம் ஒரு இலக்கம். அன்றிரவே மகள் ஆப்பில் பெயர்களை மாற்றினார்: படலை, விறாந்தை, கிணற்றடி, குசினி.

புங்குடுதீவுக்கு 12 வட்டாரங்கள். ஆனாலும் வழி கேட்டால் மடத்துவெளி, குறிகட்டுவான் என்றுதானே சொல்கிறோம்? வீட்டு வைஃபையில் இருக்கும் சாமான்களுக்கும் அதே வழக்கம்தான் சரி. இருக்கும் இடம், செய்யும் வேலை. அவ்வளவு போதும்.

ஆட்களின் பெயர் மட்டும் வேண்டாம். இது என் புது யோசனையில்லை. 1990இல் டொன் லிப்ஸ் என்பவர் கணினிக்குப் பெயர் வைப்பது பற்றி எழுதிய இணைய ஆவணம் ஒன்று உண்டு, ஆர்எஃப்சி 1178. சொந்தப் பெயரை வைக்காதீர்கள் என்கிறார். 'டொன்னிடம் கொடு' என்றால் ஆளிடமா, கணினியிடமா என்று குழப்பம் வருமாம்.

இன்று குழப்பத்தைவிடப் பெரிய கவலை உண்டு. சில போன்கள் சொந்தக்காரரின் பெயரைத் தாமாகவே ஹொட்ஸ்பொட்டுக்கு வைத்துவிடும். பஸ்ஸில் என் போனில் வைஃபை பட்டியலைத் திறந்தேன். ஒரு மாணவியின் முழுப்பெயர் அதில் நின்றது. அந்த பஸ்ஸில் யார் திறந்தாலும் தெரியும். பிள்ளையின் பெயரை முன்பின் தெரியாதவரிடம் நாங்கள் சொல்வோமா?

"பெயர் இல்லாவிட்டால் எது யாருடையது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்பீர்கள். 'நீலப்போன்' என்று வையுங்கள். வீட்டுக்குள் எல்லாருக்கும் விளங்கும், வெளியாருக்கு ஒன்றும் விளங்காது. வைஃபைக்கு ஊர்ப்பெயர் வைக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு செய்தி: வைஃபைப் பெயருக்கு 32 பைட்தான் இடம். தமிழில் 'புங்குடுதீவு' என்று எழுத 36 பைட் வேண்டும். 'கிணற்றடி' தாராளமாகப் போகும்.

இன்றிரவு பிள்ளையின் போனை வாங்கி, ஹொட்ஸ்பொட் பெயரை ஒருமுறை பாருங்கள். மாற்ற இரண்டு நிமிடம் போதும்.