மனைப் பணம் எங்கே போகிறது?

எடமலைப்பட்டி புதூருக்கு அடுத்த பஞ்சப்பூரில் 2025இல் புதிய பஸ் நிலையம் திறந்தார்கள். அதைக் காட்டி மனை விற்கும் புரோக்கர்கள், நிலத்தோடு சேர்த்துச் சட்டத்தையும் சொல்லிக் கொடுத்தால் நன்றாயிருக்கும். அவர்கள் சொல்லமாட்டார்கள், நாம் சொல்வோம்.

வயலில் கல் நட்டு மனை போடுகிற முதலாளி, 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி வளர்ச்சிக் கட்டணம் கட்டவேண்டும். சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தரவேண்டும். (தானமாம்! கொள்ளை லாபத்தில் ஒரு துளியைக் கிள்ளித் தருவதற்குப் பெயர் தானம்.) மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மிச்சத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு நிலத்தைப் பொது இடமாக ஒதுக்கியே தீரவேண்டும்.

நியாயமான சட்டம்தான். வயல் தெருவாக மாறினால் குழாயும் சாக்கடையும் பூங்காவும் வேண்டும். லாபம் அடிக்கிறவன் செலவிலும் பங்கு தரட்டும்.

ஆனால் நடந்தது என்ன? அனுமதியில்லாமலே ஊரெங்கும் மனைகளை விற்றார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பத்திரப் பதிவைத் தடுத்தது. 2017 மே மாதம் சர்க்கார் வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. விற்றவன் பணத்தை எண்ணி எடுத்துக்கொண்டு போய்விட்டான். பி.எப். பணத்தைப் போட்டு, மனைவியின் நகையை அடகு வைத்து மூன்று சென்ட் வாங்கிய மில் தொழிலாளியின் தலையில் வரன்முறைக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் விழுந்தன. அந்த வயலில் நடவு நட்ட விவசாயக் கூலிக்கு வேலையும் போயிற்று.

சரி, கட்டினோம். கட்டிய பணம் தெருவுக்குத் திரும்பி வந்ததா? பொதுக் கணக்கில் கலந்துவிட்ட பிறகு, எந்த மனையின் பணம் எந்தச் சாக்கடைக்குச் செலவானது என்று ஜனங்கள் எப்படி அறிவது? ரசீது நம் கையில். கணக்கு அவர்கள் பீரோவில்!

பொது இடத்தின் கதியையும் பாருங்கள். பெங்களூரில் பூங்காவுக்கென விட்ட இடத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் வழக்காடினார்கள். 1991இல் சுப்ரீம் கோர்ட் அது செல்லாது என்றது. விழித்திருந்தார்கள், இடம் பிழைத்தது.

நமக்கும் வழி இருக்கிறது. 2022ஆம் வருஷத்து விதிகளின்படி மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபை கூட்டவேண்டும். சம்பளம் போனாலும் பரவாயில்லை, கூட்டமாகப் போய் உட்காருங்கள். நம் வார்டு மனைகளிலிருந்து வசூலான தொகை எவ்வளவு, செலவான தொகை எவ்வளவு, தானமாக வந்த பொது இடங்கள் எந்த சர்வே எண்களில் இருக்கின்றன என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடலாம். கட்டணம் பத்து ரூபாய்தான்.